சாவி யாரிடம் இருக்கிறது?

சீர்காழி வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கின்றார். "இயேசுவுக்கே புகழ்" என்று தொடங்கும் அக்கடிதத்தை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். ஊரையும் பெயரையும் வெளியிட வேண்டா என்று அவர் கேட்டிருப்பதால், அவற்றை விடுத்துச் செய்தியை மட்டும் இங்கே தருகிறேன்.

2022ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11ஆம் நாள், வெள்ளிக்கிழமை. விடாது கொட்டிய மழையில் அன்றிரவு வெள்ளம் வாசற்படியைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. மின்சாரம் போயிற்று. கைபேசியும் வாய் மூடிக்கொண்டது. கணவர் பிழைப்பின் பொருட்டு வெளியூரில் இருந்தார். வீட்டில் இருந்தவர்கள் இச்சகோதரியும், பதினைந்து வயது மகனும், பக்கவாதத்தால் படுத்த படுக்கையாயிருந்த மாமியாருமே. தாயும் மகனும் அந்த முதியவளைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு, முழங்கால் நீரில் இருட்டில் தடவித் தடவி நடந்து, ஊரிலேயே சற்று மேடான இடமாகிய பள்ளிக்கூடத்தை அடைந்தார்கள். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. சாவியை வைத்திருந்தவர் வேற்றூரில் வசிப்பவர். விடியும் மட்டும் சாரல் அடிக்கும் தாழ்வாரத்தில் கட்டிலை இறக்கி வைத்துவிட்டு, ஒரு பழைய குடையை மாமியாரின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றதாக எழுதுகின்றார். சிறிது நேரத்தில் மேலும் சில குடும்பங்கள் அங்கு வந்தன. அவர்களும் அதே பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கடிதத்தின் முடிவில் இரண்டு கேள்விகள். "ஐயா, 'எல்லாம் ஆண்டவர் சித்தம், நாம் என்ன செய்ய முடியும்?' என்கிறார் என் நாத்தனார். வருமுன் காப்பதற்கு ஏற்பாடு செய்வது விசுவாசக் குறைவாகுமா? அரசாங்கத்தார் வரும்வரை காத்திருப்பதைத் தவிர எங்களைப் போன்றவர்களுக்கு வேறு வழி உண்டா?"

முதற் கேள்விக்கு விடை நீண்டதன்று. மழை தொடங்கிய பிறகு நோவா பேழை செய்யவில்லை. வெயில் காய்ந்த நாளிலேயே, ஊரார் நகைப்பதைப் பொருட்படுத்தாமல், மரத்தை அறுத்துக் கீல் பூசினார். எகிப்தில் யோசேப்பு ஏழு வளமான ஆண்டுகளில் களஞ்சியங்களை நிரப்பி வைத்தது பஞ்சம் வரும் என்று அறிந்ததனால். விளக்கோடு எண்ணெயும் எடுத்துச் சென்ற ஐந்து கன்னியரை நம் ஆண்டவர் அறிவிலிகள் என்று சொல்லவில்லை. இறைவன் சித்தத்தை ஏற்றுக்கொள்வது வேறு. நம் சோம்பலுக்கு அவர் கையொப்பம் வாங்க முயல்வது வேறு. நாத்தனாரிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள், சகோதரி. அந்த அம்மையாரும் அன்றிரவு அஞ்சித்தானே அப்படிப் பேசியிருப்பார்!

இரண்டாவது கேள்வியே இம்மாதம் நம் சிந்தனைக்குரியது.

அன்று பெய்த மழை எத்தகையது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். மறுநாட் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் சீர்காழியில் 44 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று, கொள்ளிடத்தில் 32. இந்த அளவு பலருக்கு வெறும் எண்ணாகவே தோன்றும். ஓர் ஏக்கர் நிலத்தின்மேல் 44 சென்டிமீட்டர் மழை பெய்தால், அந்த ஓர் ஏக்கரில் மட்டும் விழுந்த நீர் ஏறத்தாழ 18 லட்சம் லிட்டர். அந்த நீருக்கு அவ்விரவில் போக்கிடம் ஏது? நம் நாடு காவிரியின் கடைமடை. கோடையில் தண்ணீர் நம்மிடம் கடைசியாக வருகிறது. வெள்ளக் காலத்திலோ மேலே பெய்ததெல்லாம் நம் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். சீர்காழியைச் சுற்றிய நீர் உப்பனாற்றின் வழியே திருமுல்லைவாசலில் கடலைச் சேர வேண்டும். நிலமோ தட்டை. கடல் ஏற்றமாயிருக்கும் நேரத்தில் ஆற்றின் வாய் நீரை ஏற்றுக்கொள்வதில்லை. வழியிலுள்ள வடிகால்களில் ஆகாயத்தாமரையும் கோரையும் மண்டிக் கிடந்தால் சொல்லவே வேண்டா. நடவு முடிந்து தூர் கட்டிக்கொண்டிருந்த சம்பாப் பயிர் நாட்கணக்கில் நீருக்குள் நின்றது. பின்னர், சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்ப அட்டை ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் அரசு வழங்கியது. அது வேண்டிய உதவியே. ஆனால் அந்த இரவுக்கு அது மருந்தன்று.

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியிருக்கிறது, கனமழை பெய்யக்கூடும் என்பதை வானிலை ஆய்வு மையம் முன்னதாகவே அறிவித்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு அறிவிப்புக்குக் குறைவில்லை. 1977 நவம்பர் 12 அதிகாலையில் நாகப்பட்டினத்தருகே புயல் கரை கடந்து 500க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதே, அந்நாளை நினைவில் வைத்திருக்கும் பெரியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றார்கள். சிற்றூர்களில் பல வீடுகளுக்கு அன்று வானொலிப் பெட்டியே கிடையாது. இன்றோ புயலின் பெயர், வேகம், கரை கடக்கும் இடம் எல்லாம் கையிலிருக்கும் கருவியில் வந்து விழுகின்றன. ஆயினும், "மயிலாடுதுறை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மிகக் கனமழை" என்னும் அறிவிப்பு உங்கள் தெருவைப்பற்றி என்ன சொல்கிறது? எந்த வீட்டில் பாட்டி படுத்திருக்கிறாள், எந்த வீட்டில் மருமகளுக்கு மாதம் நிறைந்திருக்கிறது, எந்தப் பாலத்தின் மேல் நீர் முதலில் ஏறும், பள்ளிக்கூடத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்பவற்றைச் சென்னையிலோ டில்லியிலோ இருப்பவர் எங்ஙனம் அறிவார்? அவை ஊராருக்கே தெரிந்தவை. ஊரார் உட்கார்ந்து பேசினால்தான் பயன்படுபவை.

இதற்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். நம் வாசகர்களில் பலர் இதனைக் கேள்விப்பட்டிருக்கக்கூடும். திரும்பச் சொல்வதில் தவறில்லை.

2004 டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருவிழா. இந்திய நேரப்படி காலை ஆறரை மணிக்குச் சுமத்ராத் தீவினருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. ஆழிப்பேரலை நம் கரையை வந்தடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? திருப்பலிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம்; கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது; பிள்ளைகள் மணலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்; வேளாங்கண்ணிக்கு வந்த திருப்பயணிகள் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. அப்போதைய நாகை மாவட்டத்தில் (நம் தரங்கம்பாடியும் பூம்புகாரும் பழையாறும் அன்று அதனுள் அடங்கியவை) மாண்டவர்கள் 6,065 பேர்.

அதே காலையில் புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவர் ஊரில் ஏறத்தாழ 3,600 பேர் உயிர் தப்பினார்கள். அவ்வூர் மகன் ஒருவர் சிங்கப்பூரில் வேலையிலிருந்தார். அங்கே தொலைக்காட்சியில் செய்தி பார்த்தவர், உடனே ஊருக்குத் தொலைபேசியில் அழைத்துக் கடலைவிட்டு விலகச் சொன்னார். செய்தி கேட்டவர்கள் ஊர்த் தகவல் மையத்துக்கு ஓடினார்கள். கும்பகோணத்தில் பிறந்த வேளாண் அறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் அவர்களின் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே முன்னரே ஒரு மையத்தை ஏற்படுத்தி, அலையின் உயரம், காற்றின் போக்கு ஆகியவற்றை நாள்தோறும் ஒலிபெருக்கியில் மீனவருக்கு அறிவிக்கச் செய்திருந்தது. ஞாயிறாதலின் மையம் பூட்டியிருந்தது. பூட்டை உடைத்தார்கள், ஒலிபெருக்கியை முழக்கினார்கள், ஊரே மேட்டுப் பக்கம் நகர்ந்தது. படகும் வலையும் போயின. உயிர்கள் போகவில்லை.

இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூர் அழைப்பைப்பற்றியே வியந்து பேசுவார்கள். நான் வியப்பது வேறொன்று. அந்த ஒலிபெருக்கி அன்று புதிதாகக் கட்டப்பட்டதன்று. நாள்தோறும் அதே குரல், அதே இடத்திலிருந்து, "இன்று அலை இவ்வளவு" என்று சொல்லிச் சொல்லி மக்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்தது. ஆகவேதான் அது "ஓடுங்கள்" என்று சொன்னபோது யாரும் நின்று விவாதிக்கவில்லை. மற்றொன்று: செய்தி பெற்றவர்கள் அதனைத் தம் வீட்டோடு வைத்துக்கொண்டு தாம் மட்டும் ஓடிவிடவில்லை. ஊருக்குச் சொல்ல வேண்டுமென்றால் எங்கே போக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் ஊரில் இத்தகைய அழைப்பு ஒன்று வந்தால், கேட்டவர் எங்கே ஓடுவார்?

அதே நாளில், நிலநடுக்கம் பிறந்த இடத்துக்கு மிக அருகில் இருந்த சிமலூவே என்னும் இந்தோனேசியத் தீவில் நடந்ததும் இத்தகையதே. 1907இல் ஒருமுறை ஆழிப்பேரலையால் அத்தீவினர் பெரிதும் அழிந்தார்கள். தப்பியவர்கள் அந்நினைவைத் தாலாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள்: நிலம் பலமாக ஆடிய பின் கடல் உள்வாங்கினால், சாமான்களைத் தேடாதே, குன்றுக்கு ஓடு. 97 ஆண்டுகளுக்குப் பின் அலை சில நிமிடங்களில் வந்தது. ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் ஏழு பேரே. அங்கே ஒலிபெருக்கியும் இல்லை, தொலைபேசியும் இல்லை. பாட்டிமார் சொன்ன கதை இருந்தது. நம் வீட்டுப் பாட்டிமாருக்குத்தாம் எத்தனை வெள்ளங்கள் தெரியும்! கேட்பதற்கு நமக்கு நேரமில்லை.

நிற்க. இனி நம் ஊருக்கு வருவோம்.

நம் பங்குகளில் அன்பியங்கள் இருக்கின்றன. இருபது முப்பது குடும்பங்கள் மாதந்தோறும் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கின்றன. செபமாலை முடிந்து தேநீர் அருந்திக் கலையும் அந்தக் கூட்டத்தில் ஒரு நாள் அரைமணி நேரம் அதிகமாக உட்கார்ந்தால் போதும். வீட்டு முற்றத்தில் கோலமாவால் ஊரின் படத்தை வரையச் சொல்லுங்கள். கோலமாவு என்றவுடன் பெண்கள் முன்வருவார்கள்; அதுவே நல்லது. தெரு, வாய்க்கால், குளம், கோவில், பள்ளி, தாழ்வான வீடுகள் எல்லாம் அதில் வரட்டும். சென்ற வெள்ளத்தில் நீர் எதுவரை வந்தது என்று கேட்டால், சுவரில் கறை நின்ற உயரத்தை ஒவ்வொருவரும் கையால் காட்டுவார்கள். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்: தனியாக வாழும் முதியோர் யார், படுக்கையில் இருப்போர் யார், கண் தெரியாதவர், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரிகள் யார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவரைத் தூக்கிச் செல்லப்போகிற இருவருடைய பெயர். ஒருவர் அன்று ஊரில் இல்லாமற் போகலாமாதலால் இருவர். கடிதம் எழுதிய சகோதரியின் வீட்டுக்கு எதிரே அத்தகைய இரண்டு பெயர்கள் எழுதப்பட்டிருந்தால், பதினைந்து வயதுப் பையன் கட்டிலின் ஒரு முனையைத் தனியாகச் சுமந்திருக்க மாட்டான்.

பெண்களைப்பற்றி ஒரு வார்த்தை. 2004இல் நாகை மாவட்டத்தில் இறந்தோரில் குழந்தைகள் நீங்கலாக ஆண்கள் 1,883 பேர், பெண்கள் 2,406 பேர் என்று அரசுக் கணக்கு கூறிற்று. கரையில் மீனுக்காகக் காத்து நின்றவர்கள் பெண்கள். பிள்ளைகளைத் தேடித் திரும்பி ஓடியவர்கள் பெண்கள். நீந்தக் கற்பிக்கப்படாதவர்களும் அவர்களே. வங்காளதேசத்தில் 1970 நவம்பரில் வீசிய புயலில் மூன்று லட்சத்துக்குக் குறையாதவர்கள் இறந்தார்கள். 1991 புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர். பெண்கள் வீட்டைவிட்டுப் புகலிடம் செல்லத் தயங்கியது இறப்பு மிகுந்ததற்கு ஒரு காரணம் என்று பின்னர் கண்டார்கள். அங்கே ஆண்களும் பெண்களும் தங்க ஒரே கூடம், மறைவிடமில்லை, கழிப்பிடமில்லை. 1972இல் தொடங்கிய தொண்டர் படை அங்கே இன்று ஏறக்குறைய 76,000 பேர் கொண்டது. அவர்களில் பாதிப்பேர் பெண்கள். அண்மை ஆண்டுகளில் பெரும் புயல்கள் வந்தும் அங்கே இறப்பு பல மடங்கு குறைந்துள்ளது. ஆகையால், நம் ஊர்ப் புகலிடத்தைப் பார்வையிடப் போகும்போது பெண்களை அழைத்துச் செல்லுங்கள். கூரை ஒழுகுகிறதா என்று ஆண்கள் பார்ப்பார்கள். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பெண்கள் பார்ப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும், சிலருக்குக் கசக்கும். ஊர்ப் படம் வரையும்போது காலனித் தெரு அதில் வருகிறதா? ஆழிப்பேரலைக்குப் பின் நம் கடற்கரையிலேயே நிவாரண முகாம்களில் தலித் மக்களை ஒதுக்கிய செய்திகள் அன்றே வெளிவந்து நாம் தலைகுனிந்தோம். வயலை ஒட்டிய தாழ்ந்த நிலத்தில் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் யார்? முதலில் நீர் நுழையும் வீடுகள் யாருடையவை? ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குகிற நாம், புயலிரவில் ஒரே கூரையின்கீழ்ப் படுக்க இடம் கொடுக்க மறுப்போமாயின், அந்தக் கூரையின்மேல் சிலுவை இருந்தென்ன? இதை வெள்ளம் வந்த இரவில் பேசித் தீர்க்க இயலாது. யார் எந்த அறையில் தங்குவது, யார் சமைப்பது, ஒரே பானைதானா என்பதெல்லாம் வெயிற்காலத்திலேயே முகத்துக்கு முகம் பார்த்துப் பேசப்பட வேண்டும். அன்பியம் கத்தோலிக்கருடையது, வெள்ளமோ எல்லாருடையது. ஆகவே நோட்டுப் புத்தகம் நம் வீடுகளோடு நின்றுவிடலாகாது. பள்ளிவாசலின் ஒலிபெருக்கி நம் மணியைவிட எட்டத்தில் கேட்கலாம். மாரியம்மன் கோவில் மண்டபம் நம் கோவிலைவிட மேட்டில் இருக்கலாம். முன்கூட்டிப் போய் வணக்கம் சொல்லிக் கேட்டு வைத்துக்கொள்வதில் நமக்கு இழுக்கில்லை.

மாடுகளின் செய்தி ஒன்று. கொள்ளிடத்தின் நடுவே நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளைமணல் என்னும் திட்டு ஊர்கள் உள்ளன. 2022 ஆகஸ்டிலும், மீண்டும் 2024 ஆகஸ்டிலும் மேலணையிலிருந்து பெருகி வந்த நீர் அவற்றைச் சூழ்ந்தது. இத்தகைய இடங்களில் அதிகாரிகள் வந்து அழைத்தாலும் மக்கள் உடனே கிளம்புவதில்லை. பிடிவாதக்காரர்கள் என்று பெயர் வாங்குகிறார்கள். அவர்களுடைய சொத்தெல்லாம் அந்த இரண்டு மாடும் நான்கு ஆடுந்தாமே! அவற்றை எங்கே கட்டுவது, தீவனம் யார் தருவது என்பதற்கு விடை சொல்லாமல் மனிதர்களை மட்டும் அழைத்தால் எப்படி வருவார்கள்? கரையில் மாடு கட்ட ஓரிடமும், நாலு போர் வைக்கோலும் முன்னரே குறித்து வைத்தால் பாதிப் பிடிவாதம் கரைந்துவிடும்.

அடுத்து, வடிகால். நம் முன்னோர் குடிமராமத்து என்று ஓர் ஒழுங்கு வைத்திருந்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து ஊர் வாய்க்காலைத் தூர்வாருவது அது. வெள்ளையர் ஆட்சியில் 1858இல் அதைச் சட்டத்தால் கட்டாயமாக்கப் பார்த்தார்கள். மனமுவந்து செய்த வேலை கட்டாயமான பிறகு தளர்ந்தது. 2017இல் தமிழ்நாட்டு அரசு அப்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. பெரிய ஆறுகளையும் மதகுகளையும் பொதுப்பணி சார்ந்த துறையினர்தாம் பார்க்க வேண்டும். அதை நாம் செய்ய முடியாது, செய்யும்படி கேட்கலாம். நம் தெருவுக்கும் அந்தப் பெரிய வடிகாலுக்கும் இடையே உள்ள நூறு முழம் நம்முடையது. அதில் குப்பை கொட்டியவர்கள் நாம். அதன்மேல் திண்ணையை நீட்டிக் கட்டியவர்களும் நம்முள் உண்டு. பெயர் சொன்னால் சண்டை வரும். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்காக ஆண்டுதோறும் மண்வெட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டு போய்க் கல்லறைகளின் புல்லைச் செதுக்கிச் சுண்ணாம்பு அடிக்கிறோம். அது நல்ல வழக்கம். அதே மண்வெட்டியோடு இரண்டு வாரம் முன்னதாக ஒரு சனிக்கிழமை அந்த நூறு முழத்திலும் இறங்கினால், இறந்தோர் நம்மைக் கோபிக்க மாட்டார்கள்.

"ஒவ்வொரு முறையும் புயல் புயல் என்கிறார்கள், ஒன்றும் வருவதில்லை" என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவை அடுத்து மறுபடியும் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. 2007இல் ஐதராபாத்தில் அமைக்கப்பட்ட எச்சரிக்கை மையத்திலிருந்து அறிவிப்பு வந்தது. நம் கடற்கரை ஊர்களில் மக்கள் மேடான இடங்களுக்குச் சென்றார்கள். அலை வரவில்லை. மாலையில் திரும்பி வந்து முணுமுணுத்தார்கள். நான் அதை இழப்பாகக் கருதவில்லை. யாருக்கு ஓட முடியவில்லை, எந்தச் சந்து நெரிசலாயிற்று, எந்தக் கதவு திறக்கவில்லை என்பதைச் செலவின்றிக் காட்டிய ஒத்திகையன்றோ அது! அவ்வாறு ஒன்று தானாக வரும்வரை காத்திராமல், ஆண்டுக்கொரு முறை ஞாயிறு திருப்பலிக்குப் பின் நாமே ஒத்திகை பார்க்கலாம். திருப்பலி மணி வேறு, அவசர மணி வேறு என்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும். உபதேசியாருக்கு மட்டும் தெரிந்தால் போதாது; மணிக்கயிற்றை இழுக்கத் தெரிந்த இளைஞர் நால்வராவது இருக்க வேண்டும். மின்சாரம் போன பின் ஒலிபெருக்கி ஊமை. மணிக்கு மின்சாரம் வேண்டாம்.

அரசாங்கத்தார் வேண்டா என்று நான் சொல்வதாக எவரும் எண்ணலாகாது. படகும், மீட்புப் படையும், மருந்தும், பயிர் இழப்பீடும் அவர்களே தர வேண்டும். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் அவ்வாறே அவர்கள்மேல் கடமையைச் சுமத்தியிருக்கிறது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. அடுப்படிச் சுவரில் கரியால் எழுதி வைத்தாலும் சரி. ஆப்த மித்ரா என்னும் திட்டத்தின்கீழ் நாடெங்கும் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலரைப் பயிற்றுவிக்க 2021இல் ஏற்பாடாயிற்று. உங்கள் ஒன்றியத்தில் அவ்வாறு பயிற்சி பெற்றவர் யார் என்று கேட்டு அறியுங்கள். ஊர்ப் பெயர்ப் பட்டியலோடு நம்மை நாடி வருகிறவர்களுக்கு எந்த அதிகாரியும் செவி சாய்ப்பார். வெறுங்கையோடு கூச்சலிடுகிறவர்களுக்கு அப்படியன்று.

ஆகஸ்டு 15 நம் தேவதாயின் விண்ணேற்புப் பெருவிழா. அன்றே கிராம சபையும் கூடுகிறது. பூசை முடிந்து புத்தாடையோடு வீடு திரும்பிப் பிரியாணிக்கு உட்காரும் முன்னர், அன்பியத்துக்கு இருவராக அச்சபைக்குப் போகலாம். வடிகால், பாலம், புகலிடத்தின் கழிப்பறை, சாவி ஆகியவற்றைத் தீர்மானமாக எழுதச் சொல்லிக் கேட்கலாம். நடந்ததா என்று அக்டோபர் 2ஆம் நாள் கூடும் கிராம சபையில் மீண்டும் கேட்கலாம். அதற்குப் பின் வடகிழக்குப் பருவமழைக்கு அதிக நாள் இல்லை.

சகோதரி, தங்கள் மாமியாரின் நலம்பற்றிக் கடிதத்தின் ஓரத்தில் சிறு எழுத்தில் எழுதியிருந்தீர்கள். அன்றிரவு பிடித்த சளி நெஞ்சில் தங்கி, அவர் தேறி எழ இரண்டு மாதமாயிற்று என்று. அவருக்காகச் செபிக்கிறேன். பள்ளிக்கூடத்துச் சாவியின் படி ஒன்று ஊரிலேயே யாரிடமாவது இருக்கும்படி தலைமையாசிரியரைக் கேட்டுப் பாருங்கள். தனியாகப் போகாமல் நாலு தாய்மார்களாகப் போங்கள். மற்ற வாசகர்களும் தங்கள் ஊரில் பள்ளி, சமுதாயக் கூடம், புயல் பாதுகாப்பு மையம், கிளைக்கோவில் ஆகியவற்றின் சாவி இரவு பன்னிரண்டு மணிக்கு யாரிடம் இருக்கும் என்று இந்த ஞாயிறே விசாரித்து எனக்கு ஒரு அஞ்சலட்டை எழுதுங்கள். வந்த விடைகளை அடுத்த இதழில் ஊர்ப் பெயரோடு வெளியிடுகிறேன்.